அறுபத்தெட்டு கிலோ ஓம்

பன்னிரண்டு பேர்தான் என்று சொல்லியிருந்தேன்.
பதின்மூன்றாவதாக ஓரின் லாஹ்தி
பனிவாரும் வண்டியின் சாவியோடு வந்து நின்றபோது
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

டுலூத். அக்டோபர். செவ்வாய் மாலை.
தேவாலயத்தின் நிலவறையில்
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிவைத்த
காகித ஆட்டுக்குட்டிகளுக்குக் கீழே
ஆறு மடக்கு மேசைகள்,
பதின்மூன்று சால்டரிங் கோல்கள்,
அத்தனைக்கும் ஒரே ஃப்யூஸ்.
அது முதல் வாரமே போனது.

எனக்கு கிதார் தெரியாது. எண்ணத் தெரியும்.
மூன்று இரவுகள் சமையலறையில் உட்கார்ந்து
முட்டை அட்டையின் குழிகளில்
மின்தடைகளை நிறம் பார்த்துப் போட்டேன்.
பழுப்பு பச்சை சிவப்பு.
நீலம் சாம்பல் ஆரஞ்சு.
காலையில் என் கணவர் ஒரு மின்தேக்கியை
ரத்த அழுத்த மாத்திரை என்று எடுத்து
தண்ணீர்கூட ஊற்றிவிட்டார்.

காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டார்கள்:
முந்நூற்றைம்பது வோல்ட்டா? தேவாலயத்திலா?
தையல் வகுப்பிலும்தான் ஊசி இருக்கிறது என்றேன்.
அந்த ஆள் சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட நான்கு பக்கம் அனுப்பினார்.

கற்றுத்தர வந்தவள் கிர்ஸா தோரெசன்,
வகுப்பிலேயே வயதில் சின்னவள்.
ஒரு கை வேலையில், ஒரு கை பையில், என்றாள்.
இரண்டையும் உள்ளே விட்டால்
நடுவில் இருப்பது உங்கள் நெஞ்சு.
சுவிட்சை அணைத்ததும் அணைந்துவிட்டதாக நம்பாதீர்கள்,
மின்தேக்கிக்குக் கோபம் ஆற நேரமாகும்,
வடித்துவிட்டுத் தொடுங்கள்.
அன்றிரவு நான் வீட்டுக் கதவைக்கூட
ஒற்றைக் கையால் திறந்தேன்.

பெலாஞ்சர் சகோதரர்கள்
இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லையாம்,
எனக்குத் தெரியாமல் ஒரே மேசையில் போட்டுவிட்டேன்.
ஈயக் கம்பிச் சுருள் ஒன்றுதான் இருந்தது.
உருண்டு போகும், உருண்டு வரும்.
ஐந்தாம் வாரம் யாரோ ஒருவன்
'இந்தா' என்றான்.

நான்காம் வாரம்
நீலம் சாம்பல் ஆரஞ்சில் ஒன்று குறைந்தது.
பன்னிரண்டுக்கு எண்ணிய கை.
ஓரினிடம் சொன்னேன்:
இப்போதைக்கு வெறும் கம்பியை வையுங்கள்,
அடுத்த வாரம் கட்டாயம் கொண்டுவருகிறேன்.
அடுத்த வாரம் மறந்தேன்.

கடைசிச் செவ்வாய். நவம்பர்.
ஏரிக் காற்று ஜன்னல் சட்டத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு ஆம்ப்புக்கும் முன்னால்
ஓர் அறுபது வாட் பல்பைக் கோத்திருந்தாள் கிர்ஸா.
பளிச்சென்று எரிந்து மங்கினால் பிழைத்தோம்.
மங்காவிட்டால், அணை.

டெல்ஃபின் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்.
அவள் பற்றவைத்த இணைப்புகள்
தேய்த்து விட்ட பற்களாய் மின்னின.
அவள் பல்பு மங்கவே இல்லை.
மிக அழகாகப் பற்றவைத்திருந்தாள்,
தவறான காலில்.

ஓரினுடையது எரிந்தது, மங்கியது.
வால்வுகளின் அடியில் ஆரஞ்சு ஊறியது.
கிதாரை அவர் இன்னும் எடுக்கவே இல்லை,
ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு மனிதர்
தொண்டையைச் செருமினார்.

வடகிழக்குக் காற்று, என்றார்.
அலை பன்னிரண்டடி.

வானொலி, என்றாள் கிர்ஸா சிரித்தபடி.
வாசலில் ஆள் நிறுத்த வேண்டிய இடத்தில்
வெறும் கம்பி.
யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
என் கோட்டுப் பையில் உறையில் போட்டு
இந்த முறை கொண்டுவந்திருந்தேன்.
எடுக்கப் போனேன்.

ஓரின் கை உயர்த்தினார். ஒரு கை.
மற்றது பையில்தான் இருந்தது.

நள்ளிரவுக்குமேல் பத்து அங்குலப் பனி, என்றது ஆம்ப்.

'நான் போகணும்' என்றார் ஓரின்.
அணைத்தார், பொறுத்தார், வடித்தார்,
சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்துவிட்டு
பெட்டியை இடுப்பில் இடுக்கிப் படியேறினார்.
அதில் ஒரு ஸ்வரம்கூட வாசித்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு எங்கள் தெருவை
அவர் வண்டி சுரண்டிக்கொண்டு போனது.
உறை இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்,
காந்தத்துக்கு அடியில்.
இரண்டு முறை கூப்பிட்டேன்.
வருகிறேன் என்கிறார்.

ஜனவரிக்குப் பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
இந்த முறை இருபதாக வாங்கினேன்.
எண்ணுகிறேன், நீலம் சாம்பல் ஆரஞ்சு,
பத்தொன்பது.