பதிமுகம்

முள் முதலில் பொய் சொன்னது தை மாசம்.
ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த ஜீப்,
பானெட்டில் கை வைத்தால் விரல் விறைக்கிறது,
சாவியைத் திருப்பியதும் முள் மட்டும்
ஓடிப்போய்ச் சிவப்பில் நின்றது.
சென்சார் ஒயரைப் பிடுங்கினேன்.
பொத்தென்று கீழே விழுந்தது
கேள்வி கேட்டதும் உட்கார்ந்துவிடுகிற திருடன்போல.
ஒயரின் தோல் உரிந்து இஞ்சினில் உரசியிருக்கிறது.
இரும்பைத் தொட்டால் கொதிப்பு, அறுந்து தொங்கினால் குளிர்.
அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

பங்குனியில் பொய் சொன்னது நான்.
கம்பத்தில் வாங்கிய புது சென்சாருக்கு மரை லூஸ்.
குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை
நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினேன்.
ஒரு சொட்டு ஒழுகவில்லை. முள்ளும் ஏறவில்லை.
எர்த் போகிற வழியை என் கையாலேயே அடைத்துவிட்டு
தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி
குளுகுளுவென்று ஓடுகிறது என்று
டீக்கடையில் இருபது நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் மட்டும் தினமும் குறைந்தது.
பெல்ட் மாற்றினேன்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார்கள், எறிந்தேன்.
ரேடியேட்டருக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன்:
காய்ந்த அட்டை.

கம்பம்மெட்டு ஏற்றம், விடிகிற நேரம்.
பின்னால் பதிமூன்று பேர், ஏலத்தோட்டத்து ஆட்கள்,
மடியில் தூக்குச்சட்டி.
"ஏப்பா சன்னாசி, என்னமோ வேகுதுப்பா"
என்றது ஒச்சம்மாளின் குரல்.
"ஒங்க சோறாத்தான் இருக்கும்."
"சோறு வேகுற வாசம் எனக்குத் தெரியாதாக்கும்?"
முள்ளைப் பார்த்தேன். அது தூங்கிக்கொண்டிருந்தது.
நான் முள்ளை நம்பினேன்.
இன்னும் இரண்டு கொண்டை ஊசி தாண்டினேன்.

அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக எழுந்தது.

சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.
மூடியில் கை வைக்கப் போன மாயக்காவை அதட்டினேன்.
என் முழங்கையில் மயிர் முளைக்காத இடம் ஒன்று உண்டு,
அந்த மூடி தந்தது.
அரை மணி நேரம் யாரும் பேசவில்லை,
இஞ்சின் மட்டும் டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது.
குடிக்கிற தண்ணீரைத் தர ஒருத்திக்கும் மனசில்லை.
நியாயம்தான், மேலே தோட்டத்தில் வெயில் பொதுவில்லை.

இரண்டு பேர் நடந்துபோய்
செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலியாம்மா கடையில் கேட்டார்கள்.
அவளே வந்தாள், அலுமினியக் கெட்டிலோடு,
உள்ளே பதிமுகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்,
செம்பருத்தியை அலசியதுபோல.
"இது குடிக்கிற வெள்ளமாக்கும்" என்றாள்.
இவனும் குடிக்கத்தானே கேட்கிறான் என்றேன்.
நல்லவேளை, இளஞ்சூடு.
பச்சைத் தண்ணீர் பட்டிருந்தால் ஹெட் விரிந்திருக்கும்.
மெல்ல ஊற்றினேன். கெட்டில் முழுக்க வாங்கிக்கொண்டது.

ஸ்டார்ட் செய்துவிட்டு டார்ச்சோடு குனிந்தபோது
வாட்டர் பம்ப்புக்கு அடியில், ஊசி நுழைகிற ஓட்டையிலிருந்து
ஒரு ரோஸ் கலர் கோடு
பிளாக்கின் கரியில் நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது.
இத்தனை நாளும் அங்கேதான் ஒழுகியிருக்கிறது,
ஒழுகின இடத்திலேயே ஆவியாகி, சாட்சி இல்லாமல்.
நிறமில்லாத தண்ணீரை ஊற்றி ஊற்றி
நான்தான் தடயத்தைக் கழுவியிருக்கிறேன்.

தோட்டத்தில் அவர்களுக்கு அரை நாள் கழித்தார்கள்.
அன்றைய வாடகையை நான் கேட்கவில்லை,
அவர்களும் தருவதாகச் சொல்லவில்லை.
கெட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது
ஏலியாம்மா அதை முகர்ந்து பார்த்தாள்.

இப்போது பம்ப் புதுசு.
சென்சார் சரியான மரை, டேப் இல்லை.
முள் நடுவில் நிற்கிறது, ஒழுங்கான பிள்ளையாக.
பார்க்கிறேன்.
பார்த்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும்,
பின்கண்ணாடியில்
ஒச்சம்மாளின் மூக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.