புள்ளிக்கு விட்ட இடம்

எல்கோ ஊரின் மேற்கு முனையில்
டயர் கடைக்கும் மூடிப்போன பௌலிங் கூடத்துக்கும் நடுவே
ஓர்வில் டக்கெட்டின் துப்பாக்கிக் கடை.
கல்லாவுக்குப் பக்கத்தில் உப்புக்கண்டமும் விற்கிறான்,
மான் இறைச்சி, பொட்டலம் ஆறு டாலர்.

எனக்கு முன்னால் டெல்ஃபின் ரக்கர்ட்.
கையில் நானூற்றிருபது.
வரி அலுவலகம் திருப்பி அனுப்பிய காசு.
பல் கட்ட வைத்திருந்தது.
பல் காத்திருக்கும் என்றாள்,
யாரும் கேட்காமலே.

நெடுஞ்சாலை மோட்டலில் அவளுக்கு இரவு மேசை.
பிப்ரவரியில் ஒருவன் வந்தானாம்,
வெறும் ஸ்க்ரூடிரைவரோடு.
இருநூற்றுப் பன்னிரண்டை எண்ணிக் கொடுத்தாளாம்.
சில்லறை வேண்டாமென்று போய்விட்டான்.
அது இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது,
தொட மனமில்லை என்றாள்.

ஓர்வில் மூன்றை எடுத்து வைத்தான்.

முதலாவது துருக்கிச் சரக்கு.
முன்னூற்றுப் பத்து டாலர், பதினெட்டுத் தோட்டா.
ஸ்லைடை இழுத்தாள், பாதியில் நின்றது.
வாதம் பிடித்த கட்டைவிரலுக்கு அவ்வளவுதான்.
"பழகப் பழக இளகும்."
"எது? அதுவா, நானா?"

இரண்டாவது
ஏதோ ஒரு போலீஸ்காரர் இடுப்பில் பதினொரு வருடம் இருந்தது.
உறை உரசி உரசி முனை வெளுத்திருந்தது.
சுட்டதைவிடச் சுமந்ததே அதிகம் என்றான்.
கையில் வைத்துப் பார்த்தவள்
யாரோ காலி செய்துபோன அறையின் சாவியைத் தருவதுபோல்
திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது முன்னூற்று ஐம்பத்தொன்பது.
மெழுகு தடவிய இழுப்பறைபோல் ஸ்லைடு வந்தது.
மேலே ஒரு சின்னத் தகடு,
அரிசிமணி அளவில் இரண்டு திருகு.
கழற்றினால் கண் வைக்க இடம்.

"பதினேழு தோட்டா எதற்கு?
வந்தது ஒருத்தன்தானே."
"எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடாதே.
எத்தனை தவறும் என்று போடு."

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

வெள்ளெழுத்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது.
குழல் முனையின் குறி
அவளுக்குப் பஞ்சுத் துணுக்காகத் தெரிகிறது.
அதற்குத்தான் இது என்று
காட்சிக்கு வைத்த துப்பாக்கியை நீட்டினான்,
கண்ணாடிச் சில்லுக்குள் சிவப்புப் புள்ளி.

"இது புள்ளியா?
மிதித்த மாதுளை முத்து மாதிரி இருக்கிறது."
"போனில் படம் எடுத்துப் பார்."
எடுத்தாள். படத்தில் வட்டம், சுத்தமான வட்டம்.
"கோணல் உன் கண்ணில்தான், டெல்ஃபின்."
அவள் சிரித்தாள், பல்லை மறைத்துக்கொண்டு.

பிறகு கையை நீட்டி
சுவரில் மாட்டிய கடமான் தலையின்மேல்
அந்தக் கோணல் சிவப்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.
கை ஆடியது. நின்றது.

மீன்பிடி உரிமம் புதுப்பிக்க வந்தவன் நான்.
இந்தக் கடையில் என் மொழி தெரிந்தவர் யாருமில்லை.
அகரம் ஏறிய எழுத்தின் தலையில்
ஒரு புள்ளி வைத்தால் போதும்,
உயிர் போய் மெய் நிற்கும்.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எத்தனை முறை வைத்திருப்பேன்,
எச்சில் தொட்டு அழித்திருப்பேன்.
கடமானுக்கு அது எப்போதோ வைத்தாகிவிட்டது.

"புள்ளி என்ன விலை?"
"இருநூற்றுப் பத்தொன்பது. தனி."

கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே தடவிக்கொண்டிருந்தாள்.
"இடம் இருக்கட்டும்" என்றாள்.
"புள்ளியைப் பிறகு பார்க்கலாம்."

படிவத்தில் கட்டம் கட்டமாக இல்லை, இல்லை, இல்லை.
ஓர்வில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கி
அவள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான்.
மறுமுனையில் யாரோ தேடப் போனார்கள்.

வரி, ஒரு பெட்டித் தோட்டா எல்லாம் போக
மிச்சத்தில் ஒரு பொட்டலம் உப்புக்கண்டம் வாங்கினாள்.
எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.
நின்றபடி மென்றோம்,
அவள் இடது பக்கமாக மட்டும்.