புகைக்கு விட்ட பங்கு

சீனக்குடாவில்,
எண்ணெய்க் குதங்களுக்கு இந்தப் பக்கம்,
மாட்டுத் தீவனம் செய்கிற ஆலை.
ஒரு கொதிகலன். ஒரு புகைபோக்கி.
புகைபோக்கியின் இடுப்பில் துளையிட்டு
வெப்பமானியைச் செருகினேன்.
முள் விறுவிறுவென்று ஏறி
இருநூற்று எண்பதில் நின்றது,
மதிலால் குதிக்கையில் பிடிபட்டவனைப் போல.

யோகநாயகம் அண்ணை பழந்துணியில் கை துடைத்தபடி கேட்டார்:
"புகையிலயுமோ பிள்ளை காசு தேடுறியள்?"

ஓம் அண்ணை.
எண்ணெய்க்கு நாலு நாள் வரிசையில் நின்ற நாடு இது.
பவுசர் வருமென்று படலையைத் திறந்து வைத்துவிட்டு
கொதிகலனை ஆறவிட்ட கிழமைகள்
உங்களுக்கும் தெரியும்.
எரிக்கிற நூறு லீட்டரில் பதினாலு
ஒருவருக்கும் உழைக்காமல்
கச்சான் காற்றோடு
உட்துறைமுகத்தைக் கடந்து போகிறது.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
மண் தருகிறதை வாளியால் அள்ளித்
தலையில் ஊற்றிக்கொண்டு வருகிறோம்,
எவரும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை.
இங்கே ஒவ்வொரு பாகையும்
விக்கிரமரத்ன மாத்தயாவின் பேனாவில் ஒரு விலை.

கிண்ணியாவிலிருந்து முஸம்மில் வந்தான், வெல்டிங்குக்கு.
நோன்பு மாதம்.
பகல் முழுக்க நாக்கு நனைக்காமல்
இரும்போடு இரும்பை ஒட்டினான்.
நாற்பது குழாய், நெளிநெளியாய்.
வெளியே புகை, உள்ளே தண்ணீர்,
இடையில் மூன்று மில்லிமீற்றர்.
ஒன்றையொன்று தொடாமலே
ஒன்றின் காய்ச்சலை மற்றது வாங்கவேண்டும்.

வாங்கியது.
தண்ணீர் கொதிக்க ஒரு மூச்சுக் குறைவாய்
கொதிகலனுக்குள் போனது.
புகை நூற்றறுபதில் இறங்கி வந்தது.
அன்று தேநீரோடு எல்லாருக்கும் பணிஸ்.

பணிஸைத் தின்றுகொண்டே மாத்தயா கேட்டார்:
"இன்னும் எடுக்கலாம்தானே?"
இன்னும் இரண்டு வரிசைக் குழாய்.
வரைபடத்தின் மூலையில்
என் கையெழுத்தும் இருக்கிறது.
நூற்றுப் பத்து வரை கறந்தோம்.

பத்தாம் மாதம்
புகைபோக்கியின் அடியில் கறுப்பாய்ச் சொட்டு.
எண்ணெய்க்குள் கந்தகம் உண்டு.
சூடு இருக்கும்வரை அது வாய் திறக்காது,
வந்த வழியே மேலே போய்விடும்.
ஆறினால் வியர்க்கும்.
வியர்வை, அமிலம்.
படித்திருந்தேன்.
பரீட்சையில் அந்தக் கேள்விக்கு
முழுப் புள்ளியும் எடுத்திருந்தேன்.

முஸம்மில் ஒரு குழாயைக் கழற்றி
பெருவிரலை அதன்மேல் வைத்தான்.
விரல் உள்ளே போனது.
ஒன்றும் சொல்லாமல் அப்படியே நீட்டிக் காட்டினான்.

பிறகு, இரண்டு வரிசையையும் வெட்டி
லொறியில் ஏற்றும்போது சொன்னான்:
"ஊட்ட உட்டுப் போறவனுக்கு
பஸ்ஸுக்காவது சல்லி குடுக்கணும் மிஸ்.
இல்லாட்டி வாசல்லயே நிண்டு அழுவான்."

சுவரில் சுண்ணக்கட்டியால் 160 என்று எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தார் யோகநாயகம் அண்ணை.
நாளுக்கு நூற்றுப் பத்து லீட்டர் மிச்சம்.
அறிக்கையை முடித்துக்கொடுத்தேன்.

முடிக்காத ஒன்று.
முதல்நாள் அளக்க வந்தபோது
புகைபோக்கிக்கு மேலே ஒரு செம்பருந்து,
பத்து மணிக்கு, இறக்கை அசைக்காமல்
வட்டம் வட்டமாய் ஏறிக்கொண்டிருந்தது.
"வீணாகும் வெப்பம்" என்று
அந்த நேரம்தான் தலைப்புப் போட்டேன்.

குழாய் பூட்டிய பிறகு
அதே உயரத்துக்கு அது எட்டுத் தரம் இறக்கை அடித்தது.
எண்ணினேன்.
எந்த நிரலில் எழுத?

இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை.
விமானத் தளத்து ஓடுபாதைக்கு மேலே கண்டதாக
முஸம்மில் சொல்கிறான்.
தார் வெயிலில் கொதிக்கிற இடம்.
அங்கே இன்னும்
ஒருவரும் வெப்பமானி செருகவில்லை.