நாலு பாகை

மார்கழி இருபத்தொன்று. மாரி விடாத காலை.
இளவாலையிலிருந்து தியோகுப்பிள்ளையர்
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்
உரப்பைக்குள் ஒரு வான்கோழி.
மயிர் பிடுங்கி, குடல் எடுத்து, ஏழு கிலோ.
"விடியத்தான் அறுத்தது பிள்ளை, இன்னும் சூடு."
அந்தச் சூடுதான் எனக்குப் பயம்.

பதினெட்டு வருசமாய் நான் மருத்துவமாது.
ஐஸ் பொதி அடுக்கிய நீலப் பெட்டியில்
பிள்ளைகளின் தடுப்பு மருந்தைக் காவித் திரிகிறவள்.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது,
காலையும் மாலையும் பார்த்து
கொப்பியில் எழுதி ஒப்பமிட வேணும்.
கோழிக்கு இன்னும் கண்டிப்பு: நாலு.

எங்கட பிறிட்ஜ் என் நெஞ்சு உயரம்.
கீழ்த்தட்டை ஒழித்தேன்.
தயிர்ச்சட்டி அயலுக்குப் போனது,
கத்தரிக்காய் வெளியே வந்தது,
மாமியின் இன்சுலின் மட்டும் மேலே, அசையாமல்.
"ஒருக்கால் கழுவி வையன்" என்றார் றெஜினோல்ட்.
"கழுவினால் குழாயடி முழுக்கத் தெறிக்கும்.
பிறகு அங்கேதானே தக்காளி நறுக்குவியள்?"

கழுத்தும் ஈரலும் வேறு கிண்ணத்தில்.
சாறு சிந்தாமல் ஆழமான தட்டத்தில் பறவை.
கதவு சாத்த மறுத்தது.
தலைகீழாய்த் திரும்ப மறுத்த எத்தனை பிள்ளைகளைத்
தடவித் தடவித் திருப்பிய கை இது;
காலை மடக்கி, முதுகைச் சரித்து,
நாலாம் தரம்
உள்ளே போனது.

அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து தம்பி.
"அக்கா, இங்க பனி கொட்டுது. பிளேன் எழும்பாதாம்.
ரெண்டு நாள் பிந்தும். கோழி பத்திரம்."
வாசலில் முழங்காலளவு குளிர் சும்மா கிடக்கும் ஊரிலிருந்து
கதைக்கிறான்.

இரவு பத்தரைக்குக் கறண்ட் போனது.
கொழும்புத்துறைப் பக்கம் ஏதோ வெடித்ததாம்.
கதவைத் திறக்காதே, திறக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன்.
ஒன்றேகாலுக்கு ரோர்ச் அடித்துப் பார்த்தால்
நாலரை.

கைப்பைக்குள் கிளினிக் சாவி.
அங்கே ஜெனரேற்றர். அங்கே பெரிய குளிர்ப்பெட்டி.
ஒரு நிமிசம்,
பொய் சொல்லேன், ஒரு முழு நிமிசம் சாவியைப் பிடித்திருந்தேன்.
பிறந்து இருபது நாளான பிள்ளைக்குப் போடுகிற மருந்துக்குப் பக்கத்தில்
பச்சை இறைச்சியா?
நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டுக்
குடை எடுத்தேன்.

பாசையூர் இறங்குதுறையில்
மரியதாசன் நண்டுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.
"ஆருக்கு இந்த நேரத்தில ஐஸ்?"
"வான்கோழிக்கு."
"அது நீந்துமே?"
சிரித்தபடியே ஒரு றெஜிபோம் பெட்டி நிறைய அள்ளித் தந்தான்,
காசு வேண்டவில்லை.

ஐஸ், அதன்மேல் இரட்டைப் பொலித்தீனில் பறவை, மேலேயும் ஐஸ்.
உருகின தண்ணியை ஊற்ற ஊற்ற
றெஜினோல்ட் குறட்டை விட்டார்.
விடிய கறண்ட் வந்தபோது
வெப்பமானி மூன்றரை.

அன்று பகல், அன்று இரவு, பிறகு இருபத்துமூன்று விடிகாலை.
தம்பி இன்னும் லண்டனில்.
"மூண்டு நாளும் இருக்கும் மச்சாள்" என்றாள் ஜெனிற்றா போனில்.
இருக்கலாம், அவளின் வீட்டில்.
என் கணக்கு ரெண்டு.
எங்கட அடுப்பில் கொள்ளாது என்று
பாண் இறக்கின பிறகு பேக்கரிப் போறணைக்குள் தள்ளினோம்.
தொடைக்குள் குத்தின ஊசி எழுபத்தைந்து தொட்டது.
மரியதாசன் வந்தான், தியோகுப்பிள்ளையர் வந்தார்,
பாண் போடும் பொடியள் மூன்று பேர்,
கழுத்தைச் சூப்பினது மாமி.

இருபத்துநாலு இரவு, தடித்த கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி
தம்பி வந்து இறங்கினான்.
நண்டுக்குழம்பு ஊற்றினேன். தின்றான். கேட்கவில்லை.
பிறகு பூனை மாதிரிக் குசினிக்குள் போய்
பிறிட்ஜைத் திறந்து குனிந்து கீழே தேடினான்.
"வெந்தது மேல்தட்டில், மூடி வைச்சிருக்கு. ஒரு கால் உனக்குத்தான்."
அவன் எடுக்கவில்லை.
அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு முன்னால்
முகம் வைத்து நின்றான், வெகுநேரம்.

"கதவைச் சாத்தடா" என்றேன்,
"ஆறுக்கு ஏறிடும்."