பதினெட்டு மீற்றர்

ஒன்பதாம் வகுப்புக்குச் சமவுயரக் கோடு படிப்பிக்க
நான் உருளைக்கிழங்கை அரிந்து காட்டுவேன்.
குடாநாட்டு வரைபடத்தை விரித்துப் பயனில்லை,
கோடு ஏறுவதற்கு அதில் எதுவும் இல்லை.
ஆழம் எங்களுக்குத் தெரியும். கிணறு வெட்டியவர்கள்.
உயரம் என்றால் தண்ணீர்த்தாங்கி, கோபுரம், பனை,
கனடாக் காசில் எழும்பிய மூன்றாம் மாடி.

அதனால்தான் ஸ்கொட்லாந்திலிருந்து அண்ணன்
மலைப் படம் அனுப்பியபோது வீடு எழும்பி நின்றது.
படத்தில் மலை இல்லை.
வெள்ளை. வெள்ளைக்கு நடுவில்
செம்மஞ்சள் மழைக்கோட்டு, அதற்குள் அவன் மூக்கு.
கீழே ‘உச்சி’ என்று ஒரு சொல்.
மலையின் பெயரைக் கேட்டால்
மீன்முள் சிக்கியவன்போல் காறுவான்.
அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டினாள்.
வருகிறவர்கள் பார்த்துவிட்டு,
சுவரில் ஈரம் ஊறுதோ என்பார்கள்.

கார்த்திகையில் வந்தான் நிமலரூபன்.
வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்ன காலையில்
“எங்கையாவது நடப்பம்” என்றான்.
நெல்லியடியிலிருந்து மணற்காடு வரை
மோட்டார் சைக்கிளைக் காற்றே ஓட்டியது.
அவன் அந்த மலைச் சப்பாத்தோடு.
நான் பாட்டாச் செருப்போடு.

கடல் எது, சவுக்கு எது என்று காது பிரிக்கவில்லை.
பாதி புதைந்த பழைய தேவாலயத்தைத் தாண்டி
மேட்டின் அடியில் நின்றோம்.
மழையில் மணல் இறுகியிருக்கும் என்று நம்பினேன்.
மேற்பொருக்கு மட்டும்தான் ஈரம்,
கால் வைக்க உடைந்தது. உள்ளே இன்னும் ஆவணி.
இரண்டடி ஏற ஒன்றரை அடி இறக்கியது.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
வாடை மணலையும் மழையையும் ஒன்றாய் எறிந்தது,
பல்லுக்குள் நறநறத்தது.

பாதியில் அவன் குந்திவிட்டான்.
அவிழாத சப்பாத்துக் கயிற்றை
அவிழ்த்துக் கட்டினான்.
“தங்கச்சி, நான் மேல போகேல்லை.”
“இன்னும் கொஞ்சந்தான், வா.”
“இங்கையில்லை. அங்கை.”

காற்று தின்றதுபோக மிச்சம் இது:
கூட வந்தவன் கிரெகர். முழங்கால்வரை பனிச்சேறு.
நீட்டிய கை தெரியாத புகார்.
வலப்பக்கம் கேட்கவேண்டிய அருவி
இடப்பக்கம் கேட்டது.
கிரெகர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தான்.
“ஒரு பாறைக்குப் பின்னால,
பாண் தின்னேக்கை எடுத்த படம்.
வெள்ளை எல்லா இடத்திலயும் ஒண்டுதானே.”
பிறகு, என் பக்கம் பாராமல்:
“இறங்கிற வழி முழுக்கச் சுகமாயிருந்தது.
அதுதான் வெக்கம்.”

ஆசிரியைக்கு வேறென்ன வரும்.
“எத்தினை மீற்றரில திரும்பினனீ?”
“எழுநூற்றுப் பத்து. இன்னும் முந்நூறு கிடந்தது.”

குடாநாட்டின் மேடுகளையெல்லாம்
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாலும்
அந்தப் பாறையின் கணுக்காலுக்கு வராது.
“காணாதே?” என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.
“இது பதினெட்டு மீற்றர். குத்துமதிப்புத்தான். எழும்பு.”

மேலே கற்குவியல் இல்லை.
கிழிந்த வலைத்துண்டு, ஆட்டுப்புழுக்கை,
எவரோ எதற்கோ நட்ட தடி.
கடலைக் காணவில்லை. ஊரையும் காணவில்லை.
அவனை நிற்கவிடாமல் காற்று தள்ளத்
தடியைப் பிடித்துக்கொண்டான்.
போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து அமத்தினேன்.
வெள்ளை. நடுவில் செம்மஞ்சள்.

இப்போது சுவரில் இரண்டு படம்.
வருகிறவர்களுக்கு அம்மா விளங்கப்படுத்துகிறாள்:
“இது ஏறேக்கை. இது இறங்கேக்கை.”
ஒன்றின் மூலையில் மட்டும்
ஒரு பாட்டாச் செருப்பின் நுனி.
நான் வாய் திறக்கவில்லை.

சப்பாத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான்.
தட்டத் தட்ட இன்னும் மணல்.