தேவையும் அளிப்பும்

ஐஸ் கம்பெனியில்
பாடப்புத்தகம் நனையாதிருக்க
உப்பு மூட்டையின் பாலிதீன் உறைக்குள்
போட்டு வைத்திருக்கிறேன்.

விடிகாலை மூன்றுக்கு
முதுநகர்த் துறைமுகம் விழித்துக்கொள்ளும்.
அதற்குள் இரண்டு பக்கம்.
கேன்களைத் தூக்கும் நேரம்
மூன்றாம் பக்கத்தின் பாதியில் வரும்,
எப்போதும்.

'விலை ஏறினால் தேவை குறையும்.'
வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுச் சிரித்தார்
கலியவரதன் அண்ணன்:
"வஞ்சிரத்துக்குச் சரி.
ஐஸுக்குச் சொல்லு பார்ப்போம்.
செத்த மீன் காத்திருக்குமா?"
நெகிழ்ச்சியற்ற தேவை என்று
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
விறைத்த விரல்,
எழுத்து என்னுடையது போலவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில்
விரிவுரையாளர் என்னை எழுப்பினார்
இரண்டு முறை.
இரண்டாவது, கேள்வி கேட்க அல்ல,
மணி ஒன்றாகிவிட்டது, சாப்பிடப் போ என்று.

சித்திரையில் தடைக்காலம்.
விசைப்படகுகள் உப்பனாற்றில் கட்டிக் கிடக்க
கம்பெனிச் சத்தம் நின்றுபோகும்.
அறுபத்தோரு இரவு, படிக்க.
வருஷம் முழுக்க நான் கேட்டது இதைத்தான்.
கூலியும் நின்றுபோகும்.
தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள்
அதற்கு நடுவில்.

இப்போது பண்ருட்டியில்
லாரிக்குப் பலா ஏற்றுகிறேன்.
ஒரு காய்க்கு இவ்வளவு என்று கணக்கு.
எண்ணெய் தேய்த்துக் கழுவியும்
பால் பிசின் விரலை விடுவதில்லை.

இரவு மண்டி வாசல் விளக்கில்
புத்தகத்தைத் திறந்தால்
நாற்பத்தாறும் நாற்பத்தேழும்
ஒட்டிக்கொண்டு
சேர்ந்தே திரும்புகின்றன.
பிய்த்தால் கிழியும்.
உள்ளே இருப்பதை மட்டும்
கேட்காமல் விட்டால் போதும்.