நூறு அடி

பள்ளிவாசலுக்கு நூறு அடி முன்னால் மேளம் நிற்க வேண்டும்,
நூறு அடி தாண்டித் தொடங்கலாம்.
மூன்று மணி நேர அமைதிக் கூட்டத்தில்
இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரே வரி.
மற்ற எல்லாவற்றுக்கும்
கோட்டாட்சியர் அம்மா தண்ணீர் குடித்தார்.

அளந்து கோடு போட என்னை அனுப்பினார்கள்.
டேப்பின் மறுமுனைக்குப் போஜன்,
ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்.

சமவெளியில் இது அரை மணி வேலை.
குன்னூரில் நேர்கோடு என்பது
பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.
கீழ் பஜாரில் கிளம்பும் சாலை
பள்ளிவாசலைக் கடந்து ஏறி
கொண்டையூசி வளைவில் திரும்பி
அதே பள்ளிவாசலின் தலைக்கு மேல் வந்து நிற்கிறது.
சாலை வழி நானூற்றுப் பத்து அடி.
கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தால்
முப்பத்திரண்டு அடி கீழே
ஒளுச் செய்யும் தொட்டியில் மேகம்.

"சாலைக் கணக்குதான் சார்" என்றார் தணிகாசலம்,
"பிள்ளையார் லாரியில வர்றார், பறந்தா வர்றார்?"
"சத்தம் சாலை வழியாவா சார் வருது?"
என்றார் சிக்கந்தர் பாய்.
இரண்டும் சரி. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு தனித்தனியே வந்து
இருவரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.
"சார் பேரு?"
அமுதன்.
"இனிஷியல்?"
ச.
சண்முகமா, சவரிமுத்தா, சம்சுதீனா,
அந்த ஓர் எழுத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.
நெற்றியைப் பார்த்தார்கள். மணிக்கட்டைப் பார்த்தார்கள்.
கழுத்துவரை பூட்டிய ஸ்வெட்டரைப் பார்த்தபோது
"குளிருது" என்றேன்.
போஜன் சிரிப்பை அடக்கியதில்
டேப் குலுங்கி இரண்டு அங்குலம் பிழை.

டீக்கடையில் அன்று ஊரே பேசியது.
"ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டதா?"
நெடுஞ்சாலைத் துறையினுடையது என்று
நாக்கு நுனிவரை வந்தது.
"போன வருசம் செருப்பு விழுந்துச்சே?"
"எங்க பசங்க இல்ல."
"பின்ன குரங்கா?"
குரங்காகவும் இருக்கலாம்,
மார்க்கெட் கூரையில் ஒரு பட்டாளமே உண்டு.
யாரும் சிரிக்கவில்லை.
கறிக்கடை ஜாபர் களிமண் என்று ஏதோ ஆரம்பிக்க
சிக்கந்தர் பாயே முறைத்து உட்கார வைத்தார்.
பூக்கடைத் தெய்வானை மட்டும்
நாரைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்:
"நான் கட்டுற மாலை பிள்ளையாருக்கு.
அந்த ஸ்பீக்கர்ல வர்ற வசவு யாருக்கு?"
தணிகாசலம் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்,
அவளுக்கும் சேர்த்து.

சாரல் பிடித்தது. கோடு காயவில்லை.
மேல் வளைவில் குடையோடு நின்றேன்.
அங்கிருந்து என் வீடு தெரியும்,
மாடியறைச் சன்னலில் 'வாடகைக்கு' அட்டை.

மே மாதம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர்
போனில் பேசினார். நிதானமான குரல்.
வாடகை படிந்தது, அட்வான்ஸ் படிந்தது,
சாவியை எப்போது தரலாம் என்பதுவரை வந்து
பெயர் கேட்டேன்.
ரஹ்மத் நிஷா.
"அடடா, காலையிலதான் ஒருத்தர் முடிச்சுட்டுப் போனார்."
மேளமில்லை, கொடியில்லை, போலீஸ் பந்தோபஸ்து இல்லை.
அந்தப் பக்கம் ஒரு கணம் மூச்சு மட்டும்.
"பரவால்ல சார்" என்றார்.
எத்தனையாவது பரவாயில்லையோ.

அறிக்கையில் நானூற்றுப் பத்து என்று எழுதி
அடைப்புக்குறிக்குள் முப்பத்திரண்டு போட்டேன்.
அடைப்புக்குறியை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஞாயிறு ஊர்வலம் போனது.
கோட்டில் மேளம் நின்றது.
லாரியின் முதல் கியர், ஈரச் செருப்புகள்,
யாரோ இருமியது, எல்லாம் கேட்டது.
மேல் வளைவில் மறுபடி அதிர்ந்தபோது
கீழே தொட்டித் தண்ணீர் சுருங்கி விரிந்ததை
நானும் இரண்டு காவலரும் பார்த்தோம்.

திங்களன்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு
வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான் போஜன்.
"பாதிக்கு மேல மிச்சம் இருக்கு சார்.
உங்க வீட்டுக்கு எதுக்காச்சும் ஆகுமா?"